நல்ல நாள் பார்த்து எழுதிய அறிக்கை

"இவர் எவருடைய தயவிலும் வாழ்பவர் அல்லர்." பயிற்சிக்கு வந்திருந்த மாணவி இந்த வரியை வாசித்துவிட்டுத் தலைநிமிர்ந்த கணம் எனக்கு இன்னமும் துல்லியமாக நினைவிருக்கிறது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் மையம் இயங்கிவந்தது. உடற்குறை உள்ளவர்களுக்காக அரசு வகுக்கும் விதிகள் வீடுகளில் உண்மையில் எப்படி நடந்தேறுகின்றன என்பதை நேரில் பார்த்து, எழுதி, திருத்தங்களைப் பரிந்துரைப்பதே எங்கள் வேலை. ஆண்டுதோறும் முதுகலை முடித்த சிலர் எங்களிடம் சில மாதங்கள் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களை வழிநடத்தும் பொறுப்பு என்னுடையது. அன்று முன்கூடத்தில் நாங்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அவள் வாசித்து முடித்ததும் எங்கள் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்படித்தான் எழுத வேண்டும்" என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் ஒரு வாரம்கூட இல்லை.

அவள் அந்த வரியை எங்கிருந்து எடுத்தாள் என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். அவளுக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே வலுக்குறைவு. இரண்டு ஊன்றுகோல்களின் துணையால் நடப்பாள். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பம். தந்தை ஒரு ஜவுளிக் கடையில் மேலாளர். கல்லூரிக்குப் போன காலத்தில் ஒருநாள் கீழவாசலில் பேருந்துக்காக நின்றிருந்தபோது, முன்பின் தெரியாத ஓர் அம்மையார் அவள் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை அழுத்திவிட்டுப் போனாராம். "அந்த அம்மாவக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுக்கலாம்னா, என்னால ஓட முடியாதேக்கா" என்று அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வாள். ஆனால் அவள் எழுத்தில் இரக்கத்தின் சாயல் கொண்ட சொல் ஒன்றுகூட வராது. 'பாதிக்கப்பட்டவர்' என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிட்டு, 'வாழ்பவர்' என்று திருத்துவாள். தன்னை எப்படி எழுதினால் தான் ஒப்புக்கொள்வாளோ, அப்படித்தான் அவள் பிறரையும் எழுதினாள்.

அந்த வரிக்கு உரியவர் செல்லூரில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர், அதாவது கம்பிச் சுருள் சுற்றித் தருபவர். நாற்பதை நெருங்கும் வயது. வெள்ளையடிக்கும் வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. கைகள் பழுதின்றி இருந்தன. விசைத்தறிகள் நாள் முழுவதும் அதிரும் அந்தச் சந்தில் எரிந்துபோகும் மோட்டார்களுக்குப் பஞ்சமில்லை. தரையோடு ஒட்டிய பலகையில் உட்கார்ந்து, கருகிய கம்பியைப் பிரித்தெடுத்துப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுவதைப் படுத்த படுக்கையில் இருந்த நாட்களில் ஒரு நண்பரிடம் கற்றுக்கொண்டிருந்தார். வார்னிஷ் வாடை தெருமுனைக்கே வரும். மாணவி முதல் தடவை போனபோது அவளுடைய ஊன்றுகோல்களைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க தங்கச்சி. கால் இல்லாட்டி என்ன? இந்த மோட்டாருக்குக் காலா இருக்கு? சுத்தலயா?" என்றாராம். அன்றைக்கே அவர் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டார். அவருடைய மனைவியை மதினி என்று கூப்பிடத் தொடங்கினாள்.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்கூட்டிக் கேட்காமல் எவர் வீட்டுக்கும் போகக் கூடாது. அதிகாரிகளும் நன்கொடையாளர்களும் நினைத்த நேரத்தில் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு வெறுத்தவர்கள் நாங்கள். ஆகவே முதல்நாளே தொலைபேசியில் அழைத்து, "எப்போது வந்தால் உங்களுக்கு வசதிப்படும்?" என்று கேட்போம். அவர்கள் சொல்லும் நாளில், சொல்லும் வேளையில் போவோம். பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதும் இதையே. மாணவி இந்த விதியைச் சிறிதும் வழுவாமல் கடைப்பிடித்தாள். காயில் கட்டும் அண்ணன் வரச் சொன்ன நாட்களில் மட்டுமே போனாள். போன நாட்களிலெல்லாம் அவர் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அதையே எழுதினாள், படமும் எடுத்தாள். வழக்கம்போல் பெயரை மாற்றினோம். முதல் வரைவு, கருத்துக் கேட்பதற்காக மாவட்ட அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது.

சில நாட்களில் அங்கிருந்து ஓர் இளம் அலுவலர் என்னை அழைத்தார். குரலில் உண்மையான உற்சாகம் இருந்தது. "மேடம், ரிப்போர்ட் ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்தக் காயில் கட்டுறவர் கதைய செக்ஷன்ல எல்லாருமே படிச்சோம். செல்லூர்க்காரர்தானே? நம்மகிட்ட பராமரிப்பு உதவித்தொகை வாங்குறாரே, அவரேதானே?" நான் பதில் சொல்லும் முன்பே அவர் தொடர்ந்தார்: "அது வேலை செய்ய முடியாதவங்களுக்கான தொகை மேடம். இவர் வேலை செய்யுறார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு வெரிஃபிகேஷன் போட்டிருக்கோம். ஆர்.ஐ. நேர்ல போய்ப் பாத்துருவாரு. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

தொலைபேசியை வைத்துவிட்டு அறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன். செல்லூரில், அந்த வயதில், அந்த உடல்நிலையில், அந்தத் தொழிலில் இன்னொருவர் இருக்க முடியாது. பெயரை மாற்றிவிட்டு ஆளை அப்படியே விட்டிருந்தோம். அந்தத் தொகையில்தான் அவருடைய சிறுநீர்க் குழாயும் பஞ்சும் மருந்துத் துணியும் வந்துகொண்டிருந்தன. காயில் கட்டிக் கிடைப்பது அரிசிக்கும் வாடகைக்குமே சரியாகப் போய்விடும். உதவித்தொகை நின்றுபோனால் மருந்தை நிறுத்த வேண்டும், அல்லது அடுப்பை. மாணவியை அழைத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு முற்றத்துக்குப் போய்த் தன் தாயிடம் கைப்பேசியில் அவர்கள் மொழியில் பேசினாள். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தை அவள் மீண்டும் மீண்டும் சொல்வது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தவள், "இப்பவே போகணும்க்கா. ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு இருக்க முடியாது" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் வைகைப் பாலத்தைக் கடக்கும்போது அவள் ஊன்றுகோல்களை மடிமேல் குறுக்காக வைத்து இறுகப் பற்றியிருந்தாள். நாங்கள் போனபோது அண்ணன் பலகையில்தான் இருந்தார். அவள் நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கையில் இருந்த கம்பியைச் சுற்றாமல் பிடித்தபடி கேட்டார். மதினிதான் முதலில் வெடித்தார். "இம்புட்டு வேலை செய்யுறாருன்னு யாரு உங்ககிட்டச் சொன்னது? மாசத்துல எத்தன நாளு அந்தப் பலகையில உக்காருறாருன்னு தெரியுமா? புண்ணு வந்துச்சுன்னா குப்புறப் படுத்தவரு எந்திரிக்கவே மாட்டாரு. அள்ளிக் கொட்டுறது நானு. அத எழுதுனீங்களா?"

"அவுங்களக் கோவிச்சு என்ன செய்ய? அவுங்க வந்த அன்னைக்கெல்லாம் நான் உக்காந்துதான இருந்தேன்" என்றார் அண்ணன்.

"ஏண்ணே, ஒருநாள்கூடச் சொல்லலயே?" என்றாள் மாணவி.

"என்னைக்கு வரட்டும்னு நீதான தங்கச்சி கேட்ட? முடியாத நாள்ல, வீடே நாறிக் கெடக்குறப்ப, ஒரு பொம்பளப்புள்ளைய வீட்டுக்கு வான்னு சொல்லுவனா? நல்லா இருக்குற நாளாப் பாத்துத்தான் சொன்னேன்."

விசைத்தறிகளின் அதிர்வில் அந்தச் சிறிய அறையின் சுவர் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் மரியாதை என்று கருதிய வழக்கம் என்ன செய்திருக்கிறது என்பது எனக்கு அங்கே நின்றபடியே புலப்பட்டது. அவர் மட்டுமல்ல, நாங்கள் இதுவரை எழுதிய எல்லோருமே தங்கள் நல்ல நாட்களையே எங்களுக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். வீட்டைக் கூட்டி, சட்டையை மாற்றி, வலி குறைந்திருக்கும் வேளை பார்த்து எங்களை அழைத்திருக்கிறார்கள். எங்கள் அலமாரியில் இருந்த அறிக்கைகள் எல்லாம் நல்ல நாட்களின் அறிக்கைகள்.

இயக்குநர் மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்கு விளக்கம் எழுதினார். காயில் கட்டும் அண்ணனால் சில நாட்கள் மட்டுமே வேலை செய்ய முடியும், மற்ற நாட்களில் எழவே இயலாது, அறிக்கை முழுமையற்றது என்றெல்லாம் விவரித்தார். "அதான் நேர்லயே பாக்கப் போறாங்களே மேடம்" என்று இளம் அலுவலர் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார். எந்த நாள் என்று கேட்டேன். "அத முன்கூட்டிச் சொன்னா அது எப்படி மேடம் வெரிஃபிகேஷன் ஆகும்?" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நல்ல நாள் என்பதே அச்சம் தரும் நாளாகிவிட்டது.

மதினி கம்பிச் சுருள்களையும் சுற்றும் கருவியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழைய சேலையால் மூடிவைத்தார். பலகையைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டார். உடம்பு சரியாக இருந்த அந்த நாட்களில் அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவி நாள் தவறாமல் அங்கே போனாள். ஆய்வுக்கு வருபவரிடம் தானே பேசியாக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அவளைத் தனியே விட மனமின்றி நானும் பெரும்பாலும் உடன்போனேன். வாசலில் எந்த வண்டி நின்றாலும் எல்லோரின் பேச்சும் ஒருசேர அறுந்துபோகும். ஒருமுறை ஒரு விசைத்தறிக்காரர் எரிந்த மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து நின்றார்.

"என்னண்ணே, படுத்துட்ட? கடைய மூடிட்டியா?"

"லீவு மாப்ள."

"உனக்கென்னண்ணே லீவு?"

"கவர்மெண்டு லீவு. ஆபீசர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் எனக்கு ஒடம்பு சரியில்ல."

"அப்ப மோட்டார எங்க கொண்டு போக? தறி நிக்குது."

"செவனேன்னு வேற எங்கயாச்சும் குடுத்துரு மாப்ள. எடத்தக் காலி பண்ணு. அந்த மோட்டாரோட எவனாச்சும் உன்னப் பாத்தா எனக்கு ரெண்டு கையும் இல்லேன்னுதான் சொல்லணும்."

வந்தவர் சிரித்துக்கொண்டே போனார். அண்ணனும் சிரித்தார். மாணவியால் முடியவில்லை. 'எவருடைய தயவிலும் வாழ்பவர் அல்லர்' என்று அவள் எழுதிய மனிதர், அவள் எழுதியதன் விளைவாக, வேலை செய்யும் தெம்பிருந்தும் ஒரு கட்டிலில் முடங்கிக் கிடந்தார். தறிகள் சும்மா நிற்கக் கூடியவை அல்ல. வாடிக்கையாளர்கள் வேறு இடம் தேடிப் போகத் தொடங்கியிருந்தார்கள். திரும்பும் வழியில் அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுவாளோ என்று நான் அஞ்சினேன். அவளிடம் அதைக் கேட்கவும் அஞ்சினேன். கேட்டால் அந்த எண்ணத்தை நானே அவளுக்குள் விதைத்துவிடுவேனோ என்றிருந்தது.

பிறகு ஒரு காலைப்பொழுதில் நாங்கள் போனபோது மதினி வாசலிலேயே எங்களை மறித்தார். "இன்னைக்கு வேணாம். ராத்திரியிலருந்து காச்சல். புண்ணு மறுபடி வாயத் திறந்துருச்சு" என்றார். மாணவி அசையாமல் நின்றாள். "நான் இருக்கேன் மதினி. வெளிய போன்னு மட்டும் சொல்லாதீங்க." மதினி நகர்ந்து வழிவிட்டார். உள்ளே அண்ணன் குப்புறப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே விரித்திருந்த துணி நனைந்திருந்தது. வார்னிஷ் வாடை எப்போதும் மறைத்து வைத்திருந்த வேறொரு வாடையை அன்றுதான் நான் உணர்ந்தேன். மதினி பஞ்சால் புண்ணைத் துடைக்க, மாணவி ஊன்றுகோல்களைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தலையணையில் முகம் புதைத்தபடி, "இதத்தான் தங்கச்சி உன்கிட்டக் காட்டக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார்.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

வருவாய் ஆய்வாளர் களைத்த முகமுடைய நடுவயதினர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கட்டிலைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். பிறகு தரையில் இருந்த மாணவியும் அருகில் கிடந்த ஊன்றுகோல்களும் அவர் கண்ணில் பட்டன. "நீயும் அப்ளை பண்ணியிருக்கியா பாப்பா?" என்று கனிவாகக் கேட்டார். அவள் உடம்பு விறைத்ததை நான் கண்டேன்.

"இல்ல சார். அந்த ரிப்போர்ட்ட எழுதினது நான்."

அவர் குரல் உடனே மாறியது. "நீங்களாம்மா? படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா, நீங்க எழுதின ஆளு வேற மாதிரில்ல இருந்தாரு?"

எழுதியது தவறு என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த வீட்டின் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். மதினியின் கை பஞ்சோடு நின்றுவிட்டது. அவள் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"அவரும் இவருதான் சார். ஒடம்பு விட்டா அப்படி இருப்பாரு. விடலேன்னா இப்படித்தான். நான் பாதிய மட்டும் எழுதிட்டேன்."

ஆய்வாளர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்த நேரத்தில், இவள் உண்மையைச் சொல்லி இவர்களைக் கெடுத்துவிட்டாளே என்று நான் நினைத்ததை மறுக்க மாட்டேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். கிளம்பும்போது மதினியிடம், "நான் இன்னைக்குப் பாத்தத எழுதுறேம்மா. பாக்காத நாளப் பத்தி நான் எழுத முடியாது" என்றார். நாங்களும் அதே நேர்மையோடுதான் எழுதியிருந்தோம். நாங்கள் பார்த்த நாள் வேறு, அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளின் ஓசை சந்தைத் தாண்டித் தேய்ந்தபின் அண்ணன் தலையணையிலிருந்து கேட்டார்: "போய்ட்டாரா?"

"போய்ட்டாரு" என்றார் மதினி.

"நேத்து வந்திருந்தா மாட்டியிருப்பேன். நேத்து ஆட்டம் போடுற அளவுக்கு நல்லா இருந்தேன்." மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "காச்சலுக்கு ஒரு டீயச் சொல்லு. சரியான நேரத்துக்கு வந்து நின்னுச்சுல்ல" என்று அவர் முடித்தார்.

அன்று திரும்பும்போது மாணவி பல நாட்களுக்குப் பிறகு பேசினாள். ஷேர் ஆட்டோவின் இரைச்சலில் நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "பைக் சத்தம் கேட்டப்ப எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமாக்கா? நல்லவேளை, அண்ணனுக்கு இன்னைக்குக் காய்ச்சல்னு தோணுச்சு." எனக்கும் அதே நிம்மதிதான் முதலில் வந்தது என்று சொன்னேன். ஒரு மனிதரின் புண் திறந்துகொண்டதற்காக நன்றி சொல்ல நேர்ந்த இரண்டு பேர், தெப்பக்குளம் நிறுத்தம் வரும்வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

உதவித்தொகை நிற்கவில்லை. அவள் பயிற்சியையும் பாதியில் விடவில்லை. அந்த அத்தியாயத்தை முழுவதுமாகக் கலைத்து எழுதினாள். அதில் நல்ல நாளும் முடியாத நாளும் சம அளவில் இருந்தன. ஒருவரால் வேலை செய்ய முடியுமா என்பதை வைத்து அல்லாமல், உடற்குறையோடு வாழ்வதற்கு ஆகும் செலவை வைத்தே உதவி தர வேண்டும் என்று வாதிட்டாள். அனுப்பும் முன் செல்லூருக்குப் போய் அண்ணனுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினாள். "எழுது தங்கச்சி, ரெண்டையும் எழுது. ஆனா ஊரையும் தொழிலையும் எடுத்துரு" என்றார் அவர். ஆகவே அச்சான அறிக்கையில் அவர் வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ தொழில் செய்கிறார். அவர் மிகவும் விரும்பிய படம், பலகையில் நிமிர்ந்து அமர்ந்து செம்புக் கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது, அதில் இல்லை. பரிந்துரை ஒரு குழுவின் பரிசீலனைக்குப் போயிற்று. இதுவரை அந்த விதி மாறியதாக எனக்குத் தகவல் இல்லை.

அவள் இப்போது சென்னையில், எங்களுடையதைப் போன்ற, ஆனால் இன்னும் பெரிய மையம் ஒன்றில் இருக்கிறாள். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள், வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும், முடியாத நாட்களிலும் போகிறார்கள். ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. அண்ணனிடம் இப்போது மீண்டும் மோட்டார்கள் வருகின்றன. சந்துக்குப் புதிய முகம் யாராவது வந்தால், ஆய்வுக்கு வந்தவரோ என்று முனைக் கடைக்காரர் கைப்பேசியில் ஒருமுறை அழைத்துவிட்டு வைத்துவிடுவார். உடனே மதினி பலகையை எடுத்து மறைத்துவிடுவார். சென்ற வாரம் நான் அங்கே போயிருந்தபோது மாணவி சென்னையிலிருந்து கைப்பேசியில் என்னை அழைத்தாள். எதிரே அண்ணன், ஒரு பெரிய மோட்டாரை மடியில் சாய்த்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வெகுநாட்களுக்குப் பிறகு அவரை அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன்.

"அண்ணன் எப்படி இருக்காருக்கா?" என்று அவள் கேட்டாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "நல்லா இருக்காரு" என்றேன்.